கதவில் சாத்திய துடைப்பம்

துர்க்கு, 19 ஜனவரி 1983

இர்யா,

நேற்றுக் காலை ஊர் வந்து சேர்ந்தேன். குளிர் கடித்ததில் வலது கன்னத்தில் நாணயம் அளவுக்குத் தோல் உரிகிறது. மற்றபடி ஒன்றுமில்லை. நீ கேட்கமாட்டாய் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

டிசம்பர் கடிதத்தில் தெளிவாகத்தான் எழுதியிருந்தேன். பதினைந்தாம் தேதி சனிக்கிழமை வருகிறேன், பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஏரி வழியாக நடந்து வருகிறேன், உன் மார்பில் இருக்கும் கட்டியைப் பற்றி நேரில் பேச வேண்டும் என்று. உன்னிடமிருந்து பதில் இல்லை. வராதே என்று நீ எழுதாததையே வா என்று எடுத்துக்கொண்டேன். நம் வீட்டில் அழைப்பு என்பது அவ்வளவுதான்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் கடைக்கார ஹில்க்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏரி வழியா போகாத ரைலி. மேல பாத்தா வெறும் பனி. அதுக்கும் கீழ இருக்கிற ஐஸுக்கும் நடுவுல தண்ணி ஏறி நிக்குது. கால் வச்சா முட்டி வரைக்கும் போயிடும். காட்டு வழியா போ. மான் மேய்க்கிற ஊலா நேத்துதான் பனி ஸ்கூட்டர்ல போனான், தடம் கெட்டியா இருக்கும்."

"காடு ரொம்ப சுத்தாச்சே."

"சுத்துதான். ஆனா கால் காய்ஞ்சிருக்கும்."

போனேன். அந்தத் தடத்தில் நான் நடந்து பல வருஷம் ஆகிறது. டிசம்பர் முழுக்க எழாத சூரியன் திரும்பிவிட்டதாக நாள்காட்டி சொல்கிறது. மரங்களுக்குப் பின்னால் தெற்கே ஒரு செம்மை தெரிந்தது, அதற்கு மேல் எழவில்லை. பிர்ச் மரங்கள் பனிப் பாரத்தில் வளைந்து தலையைத் தரையில் புதைத்துக்கொண்டு நின்றன. பைன் மரங்களில் எது கிளை எது பனி என்று பிரிக்க முடியவில்லை. யாரோ பின்னால் வருகிற மாதிரி இருந்தது. நான் நின்றால் அதுவும் நின்றது. என் காலடிச் சத்தம்தான். தெரிந்தும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். உன்னிடம் பேச வேண்டியதை வழி முழுக்க ஒத்திகை பார்த்தேன். பாடம் எடுக்கிறவள் பழக்கம்.

வீடு தெரிந்ததும் முதலில் பார்த்தது புகையை. நேராக, நல்ல அடர்த்தியாக மேலே போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் மூட்டிய அடுப்பு. கை வீசி நடந்தேன். படிக்கு வந்தால் கதவில் துடைப்பம் சாத்தியிருந்தது.

நான் அங்கே எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்குத் தெரியாது. உள்ளே எரிகிற அடுப்பு, வெளியே வீட்டில் ஆள் இல்லை என்கிற துடைப்பம். உன் நாய் துர்ரிகூடக் குரைக்கவில்லை. பின்பக்க விறகுக் கொட்டகை வழியாக வந்து துடைப்பத்தைச் சாத்திவிட்டு, துர்ரியின் வாயைப் பொத்திக்கொண்டு நீ உள்ளே உட்கார்ந்திருக்கிறாய் என்று நினைத்தேன். இப்போதும் வேறு விதமாக நினைக்க முடியவில்லை. அதே தடத்தில் திரும்பினேன். பாதி வழியில் இருட்டிவிட்டது. ஹில்க்கா வீட்டு மாடியில் படுத்துவிட்டுக் காலை பஸ் ஏறினேன்.

உன் பதில் எனக்குக் கிடைத்துவிட்டது. ரொவானியெமி ஆஸ்பத்திரி உனக்குக் கொடுத்திருக்கிற தேதி பிப்ரவரி பதினாறு. கட்டியை அறுத்தெடுக்க அவர்கள் தேதிதான் கொடுக்க முடியும், ஆளை அனுப்பித் தூக்கிக்கொண்டு வரமாட்டார்கள். நானும் இனிமேல் கேட்பதாக இல்லை.

ரைலி

இதைக் கடைசியாகச் சொல்கிறேன். அந்தத் தேதியை விடாதே.


இனாரி, 31 ஜனவரி

அக்கா,

உன் கடிதம் ஒரு வாரமாக ஹில்க்கா கடையில் கிடந்திருக்கிறது. ஊலா நேற்றுதான் கொண்டுவந்து கொடுத்தான். நான் இப்போது கடைப் பக்கம் போவதில்லை. ஏன் என்று கேட்காதே.

துடைப்பம் சாத்தியிருந்தால் என்ன அர்த்தம்? நீயும் இந்த வீட்டில்தான் பிறந்தாய். துர்க்குவில் இத்தனை வருஷம் பூட்டும் சாவியுமாக இருந்ததில் மறந்துபோனதா? வீட்டில் ஆள் இல்லை என்று அர்த்தம். ஆள் இல்லை, சாத்தினேன். அதற்குமேல் அந்தத் துடைப்பத்துக்கு ஒரு அர்த்தமும் கிடையாது. உன்னை மாதிரிப் படித்தவர்கள்தான் அதற்குள் ஆளை ஒளித்து வைத்துப் பார்க்கிறீர்கள்.

புகை வந்தது, ஏனென்றால் நீ வருகிறாய் என்று அடுப்பு மூட்டினேன். காப்பிக் கெண்டி மேலே இருந்தது. பாலாடைக்கட்டி அறுத்து வைத்திருந்தேன், காப்பியில் போட்டுச் சாப்பிடுவாயே என்று. அடுப்போரம் உனக்காகப் பின்னிய காலுறை சூடாகிக்கொண்டிருந்தது. நாய் குரைக்கவில்லை, ஏனென்றால் நாய் என்னோடு இருந்தது.

நான் வீடு திரும்பியபோது இருட்டிவிட்டது. லாந்தரைப் பிடித்துப் பார்த்தேன். படி வரைக்கும் வந்த தடம். படியில் மிதித்து மிதித்து நின்ற தடம். திரும்பிப் போன தடம். உன் காலுக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு கை நீளம்தான் இருந்தது. ஒரு தட்டுத் தட்டியிருக்கலாம். தள்ளியிருந்தால் திறந்திருக்கும். அந்தக் கதவுக்குப் பூட்டு எப்போது இருந்தது?

எங்கே போயிருந்தேன் என்று சொல்லமாட்டேன். பொய் சொல்கிறவள் என்று தீர்ப்பு எழுதிவிட்ட பிறகு சாட்சி எதற்கு.

பதினாறாம் தேதிக்குப் போவதாக இல்லை. ஐஸுக்கு அடியில் வலை கிடக்கிறது. பார்க்காமல் விட்டால் மீன் அழுகி வலையும் போகும். நாயை யாரிடம் விடுவது? ஊலாவின் நாய்களுக்கும் இவனுக்கும் ஆகாது. இதெல்லாம் சாக்கு என்று நீ சொல்வாய். சாக்குதான். அம்மா இந்தக் கதவில் துடைப்பத்தைச் சாத்திவிட்டு உன்னோடு பஸ் ஏறினாள். நல்ல ஆஸ்பத்திரி, நல்ல டாக்டர் என்றாய். எல்லாம் நல்லதாகத்தான் இருந்திருக்கும். அந்தக் குளிர்காலம் முழுக்கத் துடைப்பம் அங்கேயே சாய்ந்திருந்தது. நான் நார்வே கரையில் மீன் ஆலையிலிருந்து வசந்தத்தில் வந்து அதைக் கதவிலிருந்து எடுத்தேன். இன்னொரு தடவை அதை அப்படி விட்டுவிட்டுப் போக என்னால் முடியாது.

கன்னத்தில் மீன் கொழுப்பு தடவு. களிம்பு வாங்கிக் காசைக் கரைக்காதே.

இர்யா


துர்க்கு, 4 பிப்ரவரி

இர்யா,

உன் கடிதத்தை நான் நம்பவில்லை. அதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். நான் வருகிற நாள் தெரியும், அடுப்பும் மூட்டியிருக்கிறாய், அப்புறம் நாயையும் கூட்டிக்கொண்டு எங்கே போவாய்? அந்தக் காட்டில் போக வேறு எந்த வீடு இருக்கிறது? உட்கார்ந்து யோசித்தேன், நடந்து யோசித்தேன். கடைசியில் ஹில்க்கா கடைக்குப் போன் செய்தேன்.

"பதினஞ்சாம் தேதி இர்யா எங்க போயிருந்தா?"

"அவகிட்ட கேக்கலையா?"

"கேட்டேன். சொல்லமாட்டேங்கிறா."

"அப்ப நான் மட்டும் ஏன் சொல்லணும்? உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்னை இழுக்காத."

"கடைக்கு ஏன் வர்றதில்ல அவ? நடக்கிறாளா இல்லையா, அத மட்டும் சொல்லு."

கடையில் யாரோ பேசிச் சிரித்தார்கள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"ரெண்டு கால்விரல் கறுத்துப்போச்சு. நர்ஸ் வந்து பாத்தா, வெட்ட வேண்டாமாம். தண்ணிக்குள்ள எறங்கிட்டா ரைலி. ஏரியில, அந்த முனை திரும்புற எடத்துல. ஏரி வழியா வர்றேன்னு நீதான எழுதின? தண்ணி ஏறியிருக்கிறது உனக்குத் தெரியாதே, எங்கயாவது மாட்டிக்கப்போறியேன்னு சறுக்குக் கட்டையக் கட்டிக்கிட்டு உன்ன மறிக்க ஓடியிருக்கா. உன்னக் காணோம்னதும் இன்னும் உள்ள போய்த் தேடியிருக்கா. நீ இங்க காட்டுக்குள்ள ஜம்முன்னு போயிட்டிருந்த."

"நீ ஏன் அன்னிக்கு ராத்திரி சொல்லல?"

"எனக்கு மட்டும் அன்னிக்கு எப்படித் தெரியும்? அவ ஊலாகிட்டயே நாலு நாள் கழிச்சுத்தான் வாயத் தொறந்தா."

போனை வைத்துவிட்டு மேசையைத் துடைத்தேன். அது சுத்தமாகத்தான் இருந்தது. பிறகு ஜன்னலைத் துடைத்தேன்.

நீ துடைப்பத்தைப் பற்றி எழுதியது சரி. அது உண்மையைச் சொன்னது. நான் புகையை நம்பினேன். ஆனால் ஒன்று மட்டும் இன்னும் என்னைக் குடைகிறது. ஆள் உள்ளே இருக்கிறது என்று அவ்வளவு உறுதியாக நம்பியவள் ஏன் கதவைத் தட்டவில்லை? தட்டியிருந்தால் நீ வாயைத் திறந்து மாட்டேன் என்று சொல்லியிருப்பாய். அதைக் கேட்காமல் திரும்ப எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன். அதிகம் எழுதினால் அசிங்கமாகிவிடும். விட்டுவிடுகிறேன்.

உன் சாக்குகளுக்கு வருகிறேன். ஒரு மாதம் விடுப்பு கேட்டிருக்கிறேன், கொடுப்பார்கள். நான் வந்து உன் வீட்டில் இருக்கிறேன். வலை பார்க்கிறேன். நாயைப் பார்க்கிறேன். வீட்டில் ஆள் இருக்கும், துடைப்பம் குளிர்காலம் முழுக்கச் சாய்ந்திருக்காது. அம்மாவைப் பற்றி உன்னோடு வாதாட எனக்குத் தெம்பில்லை. அவளுக்குக் கட்டி தெரிந்து இரண்டு வருஷம் கழித்துத்தான் பஸ் ஏறினாள் என்பதை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன். உனக்கு மூன்று மாதம்தான் ஆகிறது. நான் பாடம் எடுப்பது புள்ளிவிவரம். மூன்று மாதத்துக்கும் இரண்டு வருஷத்துக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குத் தெரியும்.

விரல்களை உரசாதே, சூடு காட்டாதே. இதை நர்ஸ் சொல்லியிருப்பாள்.

ரைலி


இனாரி, 8 பிப்ரவரி

அக்கா,

ஹில்க்காவின் வாயில் தீ வைக்க வேண்டும்.

நீ வலை இழுக்கப்போகிறாயாம். ஊலாவிடம் சொன்னேன். "டீச்சரம்மா வலையில சிக்காம இருந்தா சரி" என்றான். அப்புறம் சிரித்து முடித்துவிட்டு, தினம் ஒரு தடவை எட்டிப் பார்க்கிறேன் என்றான். அவனுக்குக் காப்பி கொடு. சர்க்கரையை ஒளித்து வை, பாதி டப்பாவைக் காலி செய்துவிடுவான்.

போகிறேன். சொல்லிவிட்டேன், அதையே திரும்பத் திரும்ப எழுத வைக்காதே. பதினாலாம் தேதி காலை பஸ். உனக்குப் பதினாலாம் தேதி பரீட்சை இருக்கிறதாமே, அதனால் நீ வருகிறபோது நான் இருக்கமாட்டேன். நீ தெற்கிலிருந்து வர, நான் தெற்கே போக, இந்தத் தடவையும் வழியில் பார்த்துக்கொள்ளமாட்டோம். நமக்கு அது பழக்கம்தானே. நடுவில் இரண்டு நாள் ஊலா வந்து நாய்க்குச் சாப்பாடு வைப்பான்.

ஏரி இன்னும் சரியில்லை. காட்டு வழியாக வா. கதவில் துடைப்பம் இருக்கும். அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போ. இதைச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது பார்.

வலையில் முக்கியமாக ஒன்று. ஐஸில் இந்தப் பக்கம் வெட்டிய துளையிலிருந்து வலையை இழுப்பதற்கு முன்னால், அந்தப் பக்கத் துளையில் வலையின் முனையில் கயிற்றைக் கட்டு. வலை வெளியே வரவரக் கயிறு ஐஸுக்கு அடியில் போகும். மீனை எடுத்த பிறகு கயிற்றை இழுத்தால் வலை தன் இடத்துக்குப் போய்விடும். கட்ட மறந்தால் வலை உன் கையில் இருக்கும், அடியில் ஒன்றும் இருக்காது. மறக்காதே.

துர்ரி முதல் இரண்டு நாள் கதவைப் பார்த்தே படுத்திருப்பான். கெஞ்சாதே, தானாக வருவான்.

பஸ்ஸில் ஏறுவேன். ரொவானியெமி வரைக்கும் இறங்காமல் இருப்பேன் என்று மட்டும் சத்தியம் செய்யமாட்டேன்.

இர்யா


இனாரி, 19 பிப்ரவரி

இர்யா,

ஆஸ்பத்திரி முகவரிக்கு எழுதுகிறேன், நீ அங்கே இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டு. உன்னைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. கடைக்குப் போன் வரவில்லை. ஹில்க்கா பஸ் டிரைவரிடம் கேட்டாள். உன்னைப் பஸ்ஸில் பார்த்ததாகச் சொன்னான், எங்கே இறங்கினாய் என்று அவனுக்கு நினைவில்லையாம். இவ்வளவுதான் என் கையில் இருக்கும் விவரம். இதை வைத்துக்கொண்டு ஒன்றும் கணக்கிட முடியாது. ஆனாலும் மண்டை கணக்கிட்டுக்கொண்டே இருக்கிறது.

பதினாறாம் தேதி காட்டு வழியாக வந்தேன். சரியாக அன்றைக்குத்தான் உன்னை மேசையில் படுக்க வைத்திருப்பார்கள், நீ போயிருந்தால். போன தடவை அந்தத் தடத்தில் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்தேன், இந்தத் தடவை ஒத்திகைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. உண்மையான சூரியன் இருந்தது. பைன் தண்டுகள் செம்பு நிறத்தில் மின்னின. ஒரு கிளையிலிருந்து பனி சரிந்தால் அதன் கீழ்க் கிளை சரிந்தது, அப்புறம் அதற்குக் கீழே. மரம் முழுக்கத் தன்னை உதறிக்கொண்ட மாதிரி. வெள்ளைக் காட்டுக்கோழி ஒன்று காலடியிலிருந்து வெடித்துப் பறந்ததில் பையைக் கீழே போட்டுவிட்டேன். நிற்கப் பிடிக்கவில்லை. ரொட்டியைக்கூட நடந்துகொண்டே தின்றேன்.

துடைப்பம் இருந்தது. புகை இல்லை. படியில் ஏறி நின்றேன். எடுத்து ஓரமாக வைத்தேன். நீ சொல்லித்தந்தபடியே உள்ளே போனேன்.

காலுறை அடுப்போரத்திலேயே இருந்தது. போட்டிருக்கிறேன். இடது கால் கொஞ்சம் பெரிது.

நீ எச்சரித்தும் வலையில் கயிறு கட்ட மறந்துவிட்டேன். வலை முழுவதும் வெளியே வந்து என் காலடியில் குவிந்த பிறகுதான் உறைத்தது. ஊலா ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்து பார்த்தான்.

"என்ன டீச்சரம்மா, வலையக் காயப் போட்டிருக்கீங்களா?"

"கயிறு கட்டல."

"கட்டலியா. ரெண்டு துளைக்கும் நடுவுல எத்தனை அடின்னு கணக்குப் போட்டீங்களே நேத்து."

"போட்டேன். அது சரியாத்தான் இருந்துச்சு."

"அப்ப மீனுக்குச் சொல்லுங்க, கணக்கு சரின்னு."

பிறகு அவனே நீளமான கழியைக் கொண்டுவந்து, மூன்று இடத்தில் ஐஸை உடைத்து, கயிற்றை அடியில் கடத்திக் கொடுத்தான். இருட்டுகிற வரைக்கும் ஆனது. நான்கு காப்பி குடித்தான். சர்க்கரை பற்றி நீ எழுதியது மிகையில்லை.

துர்ரி இன்னும் கதவைத்தான் பார்க்கிறான். நானும்.

நீ இறங்கிவிட்டாயா, இர்யா? இறங்கியிருந்தால் திட்டமாட்டேன். எங்கே இருக்கிறாய் என்று மட்டும் எழுது.

ரைலி


ரொவானியெமி, 23 பிப்ரவரி

அக்கா,

இறங்கினேன்.

சொதன்குலாவில் பஸ் காப்பிக்கு நிற்குமே, அங்கே பையோடு இறங்கினேன். எதிர்ப்பக்கம் வடக்கே போகிற பஸ் நின்றது. கண்ணாடியில் இனாரி என்று எழுதியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். நம் டிரைவர் சிகரெட்டை அணைத்துவிட்டு வந்தான்.

"என்னம்மா, எதையாச்சும் மறந்துட்டீங்களா?"

"வலை. ஏரியில கெடக்கு."

"பாத்துக்க ஆள் இருக்கா?"

"எங்க அக்கா வர்றா."

"அவங்களுக்கு வலை தெரியுமா?"

"ஒண்ணும் தெரியாது."

"அப்ப சீக்கிரம் போயிட்டு சீக்கிரம் வாங்க. ஏறுங்க, கதவைச் சாத்தணும்."

அவனுக்கு இதெல்லாம் எங்கே நினைவிருக்கப்போகிறது. ஏறினேன். உன் வலை லட்சணம்தான் என்னை ஏற்றியது, தெரிந்துகொள்.

பதினாறாம் தேதி அறுத்தார்கள். இடது பக்கம் முழுவதும் எடுத்துவிட்டார்கள். கையைத் தோளுக்குமேல் தூக்க முடியவில்லை. காயத்தில் நீர் கோத்துக்கொள்கிறது, அதனால் இன்னும் விடவில்லை. பக்கத்துக் கட்டில் பிர்க்கோவுக்கு வலது பக்கம். "நாம ரெண்டு பேரும் சேந்து ஒரு சட்டை தைச்சுக்கலாம்" என்கிறாள். முதல் நாள் அவளைப் பிடிக்கவில்லை. இப்போது பரவாயில்லை.

எடுத்ததை எங்கோ அனுப்பியிருக்கிறார்கள். மற்ற இடத்துக்குப் பரவியிருக்கிறதா என்று அங்கே பார்ப்பார்களாம். பதில் வரக் கொஞ்ச நாள் ஆகும். அது தெரியாமல் நல்லது கெட்டது எதுவும் சொல்லமாட்டேன் என்கிறார் டாக்டர். உன்னை மாதிரியே ஒரு ஆள்.

அன்றைக்கு ஏரியில் நடந்ததை ஹில்க்கா சொல்லிவிட்டாள், ஆனால் அவளுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. தண்ணீருக்குள் இறங்கிய பிறகும் நான் உடனே திரும்பவில்லை. முனைக்கு அந்தப் பக்கம் ஏதோ கறுப்பாகத் தெரிந்தது. உன் கோட்டு என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் யாரோ ஐஸில் நட்டுவைத்த கழி. அதைப் பிடித்துக்கொண்டு உன்னைத் திட்டினேன், உரக்க. நாய் பயந்துபோனது. வீட்டுக்கு வந்து உன் தடத்தைப் பார்த்ததும் முதலில் வந்தது கோபம் இல்லை. கால் காய்ந்து போயிருக்கிறாள் என்பதுதான். கோபம் பிறகு வந்தது. நிறைய வந்தது.

காலுறையின் இடது காலை நான் சரியாகத்தான் பின்னினேன். உன் கால்தான் சின்னது.

இர்யா


இனாரி, 2 மார்ச்

இர்யா,

உன் கடிதம் வந்தது. பல தடவை படித்தேன். பதில் எழுத உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன். விறகு தேவைக்கு மேல் பிளந்து வைத்திருக்கிறேன். உனக்கு அடுத்த குளிர்காலத்துக்கும் வரும்.

நேற்று நடந்ததை எழுதுகிறேன். காலையில் வலைக்குப் போனேன். கயிறு கட்டினேன். போகும்போது என் கை தானாகத் துடைப்பத்தை எடுத்துக் கதவில் சாத்தியது. இங்கே வந்து இரண்டு வாரத்தில் அந்தக் கைக்கு அது திரும்ப வந்துவிட்டது. மீனோடு திரும்பினால் படியில் தடம். ஒரு பெண்ணின் கால். வந்து நின்று, திரும்பிப் போன தடம். கொஞ்ச தூரத்தில் ஸ்கூட்டர் நின்ற அடையாளம்.

ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி என்று உடனே தெரிந்தது. யாரும் சும்மா இவ்வளவு தூரம் வருவதில்லை. மீன் வாளியை வாசலிலேயே போட்டுவிட்டு, துர்ரியைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் இறங்கினேன். தடத்தில் பகல் முழுக்க இளகியிருந்த பனி மாலையில் உறைந்து கண்ணாடி மாதிரி இருந்தது. இரண்டு தடவை விழுந்தேன். நல்ல செய்தி என்றால் கத்திக் கூப்பிட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். கெட்ட செய்தி என்றால் காத்திருந்திருப்பார்கள் என்றும் நினைத்தேன். இரண்டும் அபத்தம். ஆனால் காலுக்குத் தோதாக இரண்டும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. மரங்களைப் பார்த்தேனா என்று நினைவில்லை.

ஹில்க்கா கடையைச் சாத்திக்கொண்டிருந்தாள்.

"நான் வந்தேனே. ஊலா மானுக்குத் தீனி போடப் போனான், அவன் வண்டியில வந்தேன். துடைப்பம் இருந்துச்சு, திரும்பிட்டேன்."

"உள்ள போய் உக்காந்திருக்கலாம்ல?"

"ஆள் இல்லாத வீட்டுல நான் ஏன் நொழையணும்? நீ நொழைஞ்சியா?"

"சரி. என்ன செய்தி?"

"இர்யா போன் பண்ணினா. பதில் வந்துடுச்சாம்."

"என்ன பதில்?"

"சொல்லல. அக்காவுக்கு நானே எழுதறேன்னா."

"குரல் எப்படி இருந்துச்சு?"

"இர்யா குரல் மாதிரி இருந்துச்சு."

"அழுதாளா? சிரிச்சாளா?"

"அவ என்னிக்குப் போன்ல சிரிச்சிருக்கா? சூப் இருக்கு, உள்ள வா. நிக்க முடியல உன்னால."

இரவு அவள் மாடியில் படுத்தேன். துர்ரி படிக்கட்டில் படுத்தான். இன்று காலை இந்தக் கடிதத்தை அவள் கடை மேசையில் எழுதுகிறேன், பஸ் இன்னும் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும். எது வந்திருந்தாலும் எழுது. நான் இங்கேதான் இருப்பேன். விடுப்பை நீட்டிக்கக் கேட்டுவிட்டேன்.

ரைலி


ரொவானியெமி, 5 மார்ச்

அக்கா,

கடையில் எப்போதும் ஆறு பேர் காப்பி குடித்துக்கொண்டிருப்பார்கள். என் மார்பைப் பற்றி அவர்கள் காதில் விழ எப்படிச் சொல்வேன்? அதனால்தான் போனில் சொல்லவில்லை. நீ அதற்குள் காட்டையே அளந்துவிட்டாய்.

பதில் இதுதான். கட்டி கெட்ட கட்டிதான். அதை முழுவதும் எடுத்தாகிவிட்டது. அக்குளில் எடுத்துப் பார்த்த இடங்களில் ஒன்றும் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்ட வேண்டும். நல்ல செய்தியா என்று டாக்டரைக் கேட்டேன். "இப்போதைக்கு நல்ல செய்தி" என்றார். பத்தில் எத்தனை என்று நீ இருந்தால் கேட்டிருப்பாய். நான் கேட்கவில்லை. கேட்காமலே இருக்கிறேன், அனுமதி கொடு. நீ வேண்டுமானால் தனியாக அவருக்கு எழுதிக் கேட்டுக்கொள், எனக்குச் சொல்லாதே.

பிர்க்கோவுக்கு இன்னும் பதில் வரவில்லை. நேற்றிலிருந்து சட்டை ஜோக் சொல்வதை நிறுத்திவிட்டாள். நான் வெளியே போய் வந்தால் என் முகத்தைப் பார்க்கிறாள். என் நல்ல செய்தியை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பதினொன்றாம் தேதி வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். ஊலாவுக்குச் சொல்லியாகிவிட்டது, ஸ்கூட்டருக்குப் பின்னால் சறுக்குவண்டி கட்டிக் காட்டு வழியாகக் கூட்டி வருவான். மெதுவாக ஓட்டச் சொல்லியிருக்கிறேன், மரங்களைப் பார்க்க வேண்டும். இங்கே ஜன்னலில் தெரிவது ஒரு சுவர்.

நீ எதிரே வராதே. ஏரி வழியாகவும் வராதே, காட்டு வழியாகவும் வராதே. அன்றைக்கு வலைக்குப் போகாதே, மீன் ஒரு நாள் கிடக்கட்டும். கடை வரைக்கும் வந்து நின்று பார்க்கலாம் என்று தோன்றும், அதுவும் வேண்டாம். உள்ளே இரு. உனக்கு உட்கார முடியாது என்று தெரியும். மேசையைத் துடை.

அடுப்பு எரியட்டும். துடைப்பத்தை உள்ளே எடுத்து வைத்துவிடு. நான் தட்டமாட்டேன், திறந்துகொண்டு வருவேன்.

இர்யா